கண்மாய்க் கரையில் எடுக்கும் கணக்கு

காரைக்குடிப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் கேமராவோடு நின்று பாருங்கள். முதல் கேள்வி, "எந்த டிவிலேர்ந்து வந்திருக்கீக?" என்று வரும். டிவி இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கறாராக இருக்கும்: "கண்மாயை அளக்க வந்தீகளா?" ஆக்கிரமிப்பு, மண் அள்ளுவது, மீன் ஏலம் என்று கண்மாயைச் சுற்றி எத்தனையோ வழக்கு ஓடுகிற சீமையில் அப்படிக் கேட்பது நியாயம்தான். "இல்லண்ணே, இங்க என்ன பறவை, என்ன செடி, என்ன பூச்சி இருக்குன்னு பதிஞ்சு வைக்கிறேன்" என்றால் ஒரு சிரிப்பு வரும். அதன் பிறகு பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம். எந்தக் கண்மாயில் எந்த வருடம் எந்த நாரை கூடு கட்டியது என்று அவர்களுக்குத் தெரியும். எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

நான் உயிரியல் படித்தவன் அல்ல. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, முதியோர் ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை என்று ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது பிழைப்பு. படிவத்தின் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், தேதியை எப்படிப் போட வேண்டும், பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் கைக்கு வந்துவிடும். பல்லுயிர்த் தரவு சேர்க்கும் வேலையில் பாதி இதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கானாடுகாத்தானில் கல்யாண போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். அந்த வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் செம்புறாங்கல் படிக்கட்டு வைத்த ஊருணி, அதற்கப்பால் கண்மாய், அதற்கும் அப்பால் ஐயனார் கோயில் காடு, மிச்சமெல்லாம் தைல மரமும் முந்திரியும் சீமைக்கருவேலும். இங்கே என்ன உயிர் வாழ்கிறது என்று தேட நினைத்தால் ஜிபிஐஎஃப் (உலகப் பல்லுயிர்த் தகவல் வசதி) என்ற தளத்தின் உலக வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கோப்பன்ஹேகனில் செயலகம் வைத்து 2001 முதல் இயங்கும் அமைப்பு அது. உலகெங்குமுள்ள அருங்காட்சியகங்கள், உலர்தாவரத் தொகுப்பகங்கள், பொதுமக்கள் தளங்கள் ஆகியவற்றின் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறது. இப்போது அதில் 300 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அந்த வரைபடத்தில் நீலகிரி, கொடைக்கானல், ஆனைமலை எல்லாம் புள்ளி அப்பிக் கிடக்கும். சிவகங்கைச் சமவெளிக்கு வந்தால் அங்கொன்று இங்கொன்றுதான். இங்கே உயிரில்லை என்று அதற்கு அர்த்தமில்லை, பார்த்து எழுதிய ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். ஆனால் தைல மரம் போடலாமா, குவாரிக்கு இடம் கொடுக்கலாமா என்று வெளியூரில் உட்கார்ந்து முடிவு செய்கிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

எங்கே எழுதுவது என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த ஆர்வம் தொற்றிய புதிதில் ஓர் அமைப்பு இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு செயலி கொண்டுவந்தது. அழகான செயலி, தமிழிலேயே பொத்தான்கள். நானும் சில கல்லூரிப் பிள்ளைகளும் ஆர்வமாகப் படம் ஏற்றினோம். திட்டத்துக்கு வந்த நிதி தீர்ந்தது, சர்வர் கட்டணம் கட்ட ஆளில்லை, ஒரு நாள் செயலி திறக்கவில்லை. எங்கள் பதிவுகளையாவது ஒரு கோப்பாகக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, செயலியை எழுதிக் கொடுத்த கம்பெனியைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். அந்தக் கம்பெனி வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தது. அதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் செயலி கட்டப்பட்ட விதமே அப்படி: உள்ளே போக வாசல் உண்டு, வெளியே வர வாசல் இல்லை.

அன்றிலிருந்து எந்தத் தளமானாலும் மூன்று கேள்வி கேட்ட பிறகே படம் ஏற்றுகிறேன். என் பதிவுகளை நானே சிஎஸ்வி கோப்பாக, அதாவது எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கும் கோப்பாக, இறக்கிக்கொள்ள முடியுமா? இந்தப் பதிவு எந்த உரிமத்தின் கீழ் வெளியாகிறது? இது கடைசியில் ஜிபிஐஎஃப் போன்ற பொதுக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்கிறதா? நாலாவதாக ஒன்றும் உண்டு, அதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்: மென்பொருளின் மூலநிரல் திறந்ததா? அதாவது, அதை எழுதிய நிரல் வரிகளை யார் வேண்டுமானாலும் படித்து, எடுத்து ஓட்டலாமா? அப்படியிருந்தால் அது திறமூலம்.

மூலநிரல் திறந்திருப்பது வேறு, தரவு திறந்திருப்பது வேறு. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் திறமூலமல்ல, ஆனால் அதில் போடும் பறவைப் பட்டியல் ஜிபிஐஎஃப்புக்குப் போகிறது, நம் பட்டியலை நாமே இறக்கியும் கொள்ளலாம். எந்த உயிரையும் படமெடுத்து ஏற்றிப் பெயர் கேட்கும் தளமான ஐநேச்சுரலிஸ்ட் 2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்கள் செய்த செயல்திட்டமாகப் பிறந்தது, 2023 முதல் தனி லாபநோக்கற்ற அமைப்பாக இயங்குகிறது. அதன் தளத்தின் நிரல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப்பில், யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. அதே ஐநேச்சுரலிஸ்டில், படத்தைப் பார்த்து இனத்தை ஊகிக்கும் கணினிப் பார்வையின் முழு மாதிரி பொதுவில் இல்லை. திறமூலம் என்று பெயர் போட்ட இடத்திலும் எல்லாக் கதவும் திறந்திருக்காது.

நம் நாட்டுக்காரர்கள் செய்ததில் இந்தியப் பல்லுயிர்த் தளத்தை, அதாவது இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலை, நான் மதிக்கிறேன். 2008-இல் வெளிவந்தது. பதிவுகள், இனப் பக்கங்கள், வரைபடங்கள், ஆவணங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அதன் மென்பொருள் திறமூலமாக இருந்ததால்தான் பூட்டான் நாடு அதையே எடுத்துத் தன் பல்லுயிர்த் தளத்தை அமைத்துக்கொண்டது. அப்படி எடுத்து நிறுவத் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் எங்கள் வட்டாரச் செயலியையும் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அதன் நிரல் பூட்டிக் கிடந்தது. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு நிரல் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த இன்னொருவர் எடுத்து ஓட்ட வழியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் எனக்குப் போதும்.

உரிமம் என்றதும் பலருக்குக் கொட்டாவி வரும். ஆனால் எத்தனையோ நல்ல பதிவுகள் முடங்குவது இந்த இடத்தில்தான். கணக்கு தொடங்கும்போது "எல்லா உரிமையும் எனக்கே" என்று வைத்துவிட்டால் நம் பதிவு ஐநேச்சுரலிஸ்டிலேயே தங்கிவிடும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் சிசி-ஜீரோ (நிபந்தனை இல்லை), சிசி-பை (எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும்), சிசி-பை-என்சி (பெயரும் சொல்ல வேண்டும், வணிகத்துக்கும் கூடாது) ஆகிய மூன்றில் ஒன்றிருந்தால்தான் ஜிபிஐஎஃப் எடுத்துக்கொள்ளும். பதிவுக்கு ஓர் உரிமம், படத்துக்குத் தனி உரிமம் என்று பிரித்தும் வைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு புகைப்படக்காரர் படத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இப்படித்தான் செய்கிறார்: பதிவு சிசி-பை, படம் அவருக்கே சொந்தம். அதுவும் சரியான வழிதான். விக்கிப்பீடியாக் கட்டுரையில் தன் படம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் மட்டும் என்சி என்ற வணிகத் தடையை எடுத்துவிட வேண்டும், விக்கிப்பீடியாவுக்குப் படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம் அதை ஏற்காது.

இனி களத்துக்கு வருவோம். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவுக்குப் படம் அல்லது ஒலி, தேதி, இடம் மூன்றும் வேண்டும். மற்றவர்கள் வந்து இது இன்னது என்று சொல்வார்கள். குறைந்தது இருவர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓர் இனப்பெயரில் ஒத்துப்போனால் அது 'ஆய்வுத் தரம்' பெறும். கேட்க நன்றாக இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப்போனால் என்ன நடக்கும் தெரியுமா? ஒருவன் படம் போடுவான், கணினி ஒரு பெயர் சொல்லும், அதை அப்படியே அழுத்துவான். அவன் நண்பன் வந்து மரியாதைக்கு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டுவான். முடிந்தது, ஆய்வுத் தரம்! கணினி எந்த ஊர்ப் படங்களை அதிகம் பார்த்துப் பழகியதோ அந்த ஊர் உயிரினங்களில் கெட்டிக்காரன். செட்டிநாட்டு எறும்பிலும் புல்லிலும் அது தடுமாறும். அதனால் பிள்ளைகளிடம் நான் போடும் ஒரே கண்டிப்பு: உனக்கே வேறுபாடு சொல்லத் தெரியாத இனப்பெயரை அழுத்தாதே, பேரினத்திலோ குடும்பத்திலோ நிறுத்து. 'தும்பி' என்ற அளவில் நின்ற ஒரு பதிவு யாராவது நிபுணர் கண்ணில் படும்வரை காத்திருக்கும், ஒன்றும் கெட்டுப்போகாது. தவறான பெயரோடு ஆய்வுத் தரம் வாங்கியதைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

படம் எடுப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். கோயில் காட்டுக்குள் போனால் கரும்பச்சையாக, தடித்த இலையோடு ஒன்றுபோலவே மரங்கள் நிற்கும். காசானா வீரையா என்று தூரத்தில் எடுத்த படத்தை வைத்து எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. காசானுக்கு இலை எதிரெதிராக இருக்கும், வீரைக்கு மாறி மாறி இருக்கும். ஆகவே இலை காம்பில் எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரியும்படி ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம், பட்டை ஒன்று, பூவோ காயோ இருந்தால் அதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், கடைசியாக முழு மரம். இவை அத்தனையும் ஒரே பதிவில் போக வேண்டும். ஒவ்வொரு படத்தையும் தனிப் பதிவாகப் போட்டால் ஒரு மரம் ஐந்து மரமாகிவிடும். வண்ணத்துப்பூச்சி என்றால் இறகு மூடியிருக்கும்போது தெரியும் அடிப்பக்கம் முக்கியம். தும்பிக்குப் பக்கவாட்டுப் படம். புல்லைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், கதிரை உள்ளங்கையில் வைத்து எடுத்தும் இன்னும் பெயர் கிடைக்காமல் ஒரு வரிசையே நிற்கிறது.

கோயில் காட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது என்று கட்டுப்பாடு உள்ள காடுகள் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டால்தான் அங்கே வீரையும் பாலையும் இன்னும் நிற்கின்றன. கேமராவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

பெரிய இம்சை ஒன்று உண்டு, வாட்ஸப். "அண்ணே, எங்க கொல்லையில் ஒரு பாம்பு, என்ன பாம்பு பாருங்க" என்று தினமும் படம் வரும். அதில் பாதி அருமையான பதிவுகள். ஆனால் வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த நேரமும் இடமும் கழன்றுபோய்விடும். ஐந்து குழு தாண்டி வந்த படமென்றால் அது தமிழ்நாடா ஒடிசாவா என்றே தெரியாது. அதனால் அனுப்புகிறவரிடம் மூன்று விஷயம் கேட்கிறேன்: நீங்களே எடுத்ததா, எங்கே, எப்போது. முடிந்தால் படத்தை 'ஆவணமாக' இணைத்து அனுப்பச் சொல்கிறேன், அப்போது உள்ளே இருக்கும் தேதியும் இடமும் அப்படியே வரும். முடிந்தால் இன்னும் நல்லது, அவருக்கே ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுப்பது. பார்த்தவர் பெயரில் பதிவு இருக்க வேண்டும். நான் இடையில் தபால்காரனாக நின்றால், பதிவைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

நட்டு வளர்த்த செடியை 'வளர்ப்பு' என்று குறிப்பதும் இந்த ஊரில் அடிக்கடி தவறும் ஒன்று. முற்றத்துத் தொட்டியில் நிற்கும் குரோட்டன்சும் வரிசையாக நிற்கும் தைல மரமும் தானாக வந்தவை அல்ல. குறிக்காமல் விட்டால் நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் செட்டிநாட்டில் காகிதப்பூ இயற்கையாக முளைக்கிறது என்று வரைபடம் போட்டுவிடுவார்.

பறவைக்கு ஈபேர்டையே வைத்திருக்கிறேன். திறமூலம் இல்லை என்று ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். கொள்கை சரிதான், ஆனால் அதிலிருக்கும் ஒரு வசதி வேறெங்கும் அந்த அளவுக்கு இல்லை: முழுமையான பட்டியல். எவ்வளவு நேரம் பார்த்தேன், எவ்வளவு தூரம் நடந்தேன், பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று விடாமல் எழுதினேனா என்று அது கேட்கிறது. ஆம் என்று சொன்னால் பட்டியலில் இல்லாததும் ஒரு தகவலாகிவிடும்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போனால் இதன் அருமை தெரியும். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்ற மூன்று ஊர்க் கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். கூட்டில் இருக்கும் பறவை மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்க்காரர்களைப் பற்றி வருடா வருடம் பேப்பரில் வரும். மழை நன்றாகப் பெய்த வருடம் கருவேல மரம் முழுக்க நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா என்று கொள்ளாமல் இருக்கும். அன்றைக்கு எல்லோரும் வருவார்கள், எல்லோரும் பட்டியல் போடுவார்கள். மழை ஏமாற்றிய வருடம் கண்மாய் வெடித்துக் கிடக்கும், மைனாவும் கரிச்சானும் நாலு உண்ணிக்கொக்கும்தான். அன்றைக்கு ஒருவரும் வர மாட்டார்கள். நல்ல வருடத்துப் பட்டியல் மட்டும் சேர்ந்தால் வேட்டங்குடியில் எப்போதும் பறவை நிறைந்திருந்ததாகத்தான் கணக்கு காட்டும். வறண்ட கண்மாயில் அரைமணி நேரம் நின்று அந்தச் சின்னப் பட்டியலைப் போடுவதைத்தான் நான் பெரிய வேலையாக நினைக்கிறேன். 2015 முதல் பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதற்கு நல்ல தொடக்கம். நாலு நாள், பதினைந்து நிமிடப் பட்டியல், வீட்டு மாடியிலிருந்தே போடலாம். பெரிய பறவை தேடி அலையாமல் தன் ஊருணியையே ஒவ்வொரு பொங்கலுக்கும் எண்ணுகிறவரின் பட்டியல்தான் பத்து வருடம் கழித்துப் பேசும்.

திறந்து வைப்பதைப் பற்றியே பேசுகிறேன். மூட வேண்டியதும் உண்டு. கடைக்கு ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு வந்த ஒரு கீதாரி, ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் பார்த்ததாகச் சொல்லி என்னை ஒரு முள்ளுக்காட்டுக்குக் கூட்டிப்போனார். ஓட்டில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடு போட்ட ஆமை, சூரைப் புதரடியில். "எங்கப்பாரு காலத்துல மழை விட்டதும் இதுக வரிசையா போகும் தம்பி. அப்புறம் மதுரைப் பக்கமிருந்து ஆளுக வந்து ஒண்ணுக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்கிட்டுப் போனாக" என்றார். இந்திய நட்சத்திர ஆமை வளர்ப்புப் பிராணியாகக் கள்ளத்தனமாகக் கடத்தப்படுவது உலகறிந்த சங்கதி. 2019-இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு, அதாவது காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதைத் தடுக்கும் பட்டியலுக்கு, மாற்றினார்கள்.

இப்படிப்பட்ட இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை மங்கலாக்கும். உண்மையான புள்ளிக்குப் பதிலாக, பக்கத்துக்கு 0.2 பாகை, ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். தேதியையும் மாதத்தோடு நிறுத்திக்கொள்ளும். அது போதும் என்று நம்பி உட்காரக் கூடாது. படத்தின் பின்னணியில் கோயில் கோபுரமோ மைல்கல்லோ தெரிந்தால் மறைத்ததில் பயனில்லை. அதே நடையில் எடுத்த மற்ற செடிகளையும் ஓணானையும் அன்றே துல்லியமான இடத்தோடு ஏற்றினால், நடுவில் இருந்த ஆமையின் இடத்தை ஒரு குழந்தையால்கூடக் கண்டுபிடிக்க முடியும். குறிப்பில் ஊர்ப் பெயரை எழுதினாலும் அப்படித்தான். அந்த ஆமையை நான் தரையை ஒட்டி, ஓடு மட்டும் தெரியும்படி எடுத்தேன். சில மாதம் கழித்து, அந்தப் பக்கத்து மற்ற பதிவுகள் எதுவும் இல்லாமல் ஏற்றினேன். தளம் தானாக மறைக்காத இனங்களுக்கும் நாமே கையால் 'மங்கலாக்கு' என்று வைக்கலாம். கூகை அடைந்திருக்கும் பூட்டிய வீடு, நாரை கூடு கட்டிய தனியார் தோப்பு, நம் சொந்த வீட்டுக் கொல்லை எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வைக்கிறேன். கீதாரியின் பெயரை எங்கும் எழுதவில்லை, அது அவரே கேட்டுக்கொண்டது.

கோயில் காட்டு மரக் கணக்கெடுப்பு மாதிரி, ஒரு கூட்டமாகப் போய் முறையாகச் செய்யும் வேலைக்கு ஐநேச்சுரலிஸ்ட் பொருந்தாது. மரத்தின் சுற்றளவு, மரத்தில் துணி கட்டியிருக்கிறதா, கன்று முளைத்திருக்கிறதா என்று நாம் கேட்க நினைப்பதையெல்லாம் ஒரே படிவமாக வைத்துக் கேட்க அது சரிவராது. இதற்குக் கோபோ டூல்பாக்ஸ் எடுத்தோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே என்ற திறமூலக் கருவியின் வழியில் வந்தது. இணையம் இல்லாத இடத்திலும் போனில் படிவம் நிரப்பலாம், ஊருக்குத் திரும்பி சிக்னல் வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். எங்கள் காடுகளில் சிக்னல் ஐயனாருக்கும் கிடைக்காது என்பதால் இது பெரிய வசதி.

படிவம் தயாரிப்பதில் என் தொழில் கைகொடுத்தது. மரப்பெயரைத் தட்டச்சு செய்ய விட்டால் ஒரே மரம் 'உசில்', 'உசிலை', 'உசிலமரம்' என்று மூன்று மரமாக வரும். எனவே தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைத்து, கடைசியில் 'மற்றவை, படம் கட்டாயம்' என்று ஒரு வரி. சுற்றளவுக்கு எண் மட்டும் ஏறும்படி, இத்தனைக்கு மேல் போனால் மறுக்கும்படி வரம்பு. ஜிபிஎஸ் துல்லியம் பத்து மீட்டருக்குள் வரும்வரை காத்திருக்கச் சொல்லி ஒரு குறிப்பு. அடர்ந்த மரநிழலில் பழைய போன்கள் நூறு மீட்டர் தள்ளிக்கூடப் புள்ளி வைக்கும். அப்படியும் வராவிட்டால் வந்த துல்லியத்தை அப்படியே எழுத வேண்டும். எத்தனை மீட்டர் பிசகலாம் என்று எழுதி வைத்த புள்ளியைப் பிறகு எவரும் பயன்படுத்தலாம். பிசகை மறைத்த புள்ளியால் யாருக்கும் உபயோகமில்லை.

பிறகு வீட்டில் உட்கார்ந்து சுத்தம் செய்யும் வேலை. அட்டவணைக்கு லிப்ரே ஆபிசும் வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ்ஸும் போதும், இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம். தேதியை எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2024-01-05 என்று வைப்பேன். 05/01/2024 என்று எழுதினால் அது ஜனவரியா மே மாதமா என்று அமெரிக்காவில் அமைத்த கணினி ஒரு மாதிரி படிக்கும், நம்முடையது ஒரு மாதிரி படிக்கும். பொங்கலுக்கு வந்த வாத்து சித்திரை வெயிலில் வந்ததாக ஆகிவிடும். அட்டவணையின் பத்தித் தலைப்புகளுக்கு டார்வின் கோர் என்ற பொதுத் தரநிலை இருக்கிறது. நாள், அறிவியல் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை மீட்டர் பிசகலாம், பார்த்தவர் யார் என்று எந்தப் பத்திக்கு என்ன பெயர் என அது வரையறுத்து வைத்திருக்கிறது. முதல் நாளே அந்தப் பெயர்களைப் போட்டுவிட்டால் பிறகு எந்தக் களஞ்சியத்துக்குக் கொடுத்தாலும் மறுவேலை இல்லை. அறிவியல் பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க ஜிபிஐஎஃப் தளத்திலேயே ஒரு கருவி உண்டு, பட்டியலை ஏற்றினால் பொருந்தாதவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு பாடுபட்டு இடமும் படமும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓணானைக் காட்டுகிறேன். பாகிஸ்தான் முதல் தென்கிழக்கு ஆசியா வரை ஒரே இனம் என்று எண்ணியிருந்த நம் வேலி ஓணானை 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பல இனங்களாகப் பிரித்தது. 'ஓணான், ஒன்று' என்று மட்டும் எழுதிவைத்த பழைய நோட்டுகளை அதற்குப் பிறகு எதில் சேர்ப்பது? இடம் சரியாக இருந்த பதிவுகளோ அந்தந்த இனத்தின் கீழ் தாமாகப் போய் அமர்ந்தன.

ஐநேச்சுரலிஸ்டிலிருந்து சிஎஸ்வி இறக்கினால் அதில் படங்கள் வராது, படத்தின் இணைய முகவரி மட்டும்தான் வரும். அசல் படங்களைத் தனியாக ஹார்டுடிஸ்கில் வைத்திருக்க வேண்டும். ஈபேர்டில் 'என் தரவை இறக்கு' என்று கேட்டால் மின்னஞ்சலுக்குக் கோப்பு வரும். கடை ஜிஎஸ்டி கணக்கு முடிக்கும் நாளில் இந்த இரண்டையும் இறக்கி வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இதெல்லாம் கண்மாய்க் கரைக்காரருக்கு எப்படித் திரும்பிப் போகிறது? 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பதிவேடு என்றால் ஊராட்சிக்குக் காகிதம்தான். எங்கள் பட்டியலை இணைய முகவரியாகக் கொடுத்தபோது "இதை வச்சு நான் என்ன செய்ய, பேப்பர்ல குடுங்கப்பா" என்றார் தலைவர். கடை என்னுடையது, தாளுக்கா பஞ்சம்? ஊர்ப் பெயர், அறிவியல் பெயர், சின்னப் படம், எங்கே பார்த்தது என்று நாலு பத்தியில் அச்சடித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினோம். நூறுநாள் வேலைக்கு வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று படித்தார்கள். படித்த மாத்திரத்தில் திருத்தம் வந்தது. "இந்தச் செடிக்கு இங்க அப்படிச் சொல்றதில்ல", "நரி போடலையே, மயானத்துப் பக்கம் ராத்திரி வந்து பாருங்க". ஒரு அப்பத்தா விரலால் பட்டியலை மேலிருந்து கீழ் தடவிவிட்டுக் கேட்டது: "மீனே இல்லாம என்னய்யா கண்மாய்க் கணக்கு?"

சரியான கேள்வி. தண்ணீருக்குள் இருப்பதைப் போனில் எடுக்க முடியாது என்று நாங்கள் எல்லோரும் மீனை விட்டுவிட்டிருந்தோம். ஆனால் கோடையில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும் காலை, கண்மாயின் மொத்த மீனும் ஊத்தாவிலும் கச்சாவலையிலும் கரையேறும். விரால், குரவை, கெளுத்தி, உளுவை, அயிரை, எங்கிருந்தோ வந்து குடியேறிய ஜிலேபி. இப்போது அதற்குத் தயார் செய்கிறோம். ஈரத் துணி விரித்த ஒரு பலகை, ஓரத்தில் ஸ்கேல். மீனின் தலை எப்போதும் இடப்பக்கம். துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் ஒரு படம், கெளுத்தியானால் மீசை எண்ணும்படி மேலிருந்து ஒன்று, வாய் தெரியும்படி அடியிலிருந்து ஒன்று. பிடித்தவரிடம் கேட்டுவிட்டு, அவர் கூடையைக் கட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். உயிர் போனதும் நிறம் மங்கத் தொடங்கிவிடும், வெயில் ஏறுவதற்குள் மீன் குழம்புச் சட்டிக்குப் போய்விடும்.